வெள்ளிக்கிழமை எங்களுக்கு!

வெளிநாட்டில் இருக்கிறோம் என்றாலே ஊரில் ஒரு நினைப்பு இருக்கிறது. "உனக்கென்னம்மா, வாரம் ஒரு ஊர், தினம் ஒரு ஓட்டல்" என்பார்கள். இல்லை என்று சொன்னால் நம்ப மாட்டார்கள். ஆமாம் என்று சொன்னால் கடன் கேட்பார்கள்! அதனால் சிரித்துக் கொண்டே பேச்சை மாற்றி விடுவேன். உண்மையில் எங்கள் சந்தோஷம் எப்படிப்பட்டது, அதற்கு என்ன செலவு என்பதை நம் பக்கத்துத் தோழிகளோடு பகிர்ந்து கொள்ளலாம் என்றுதான் இதை எழுதுகிறேன்.

எனக்குக் கல்யாணமாகி எட்டு வருஷம் ஆகிறது. கல்யாணம் முடிந்த கையோடு என்னவர் ஓமன் நாட்டு மஸ்கட்டுக்கு வேலைக்குக் கிளம்பி விட்டார். நான் அறந்தாங்கி பக்கம் மாமியார் வீட்டில் இருந்தேன். வருஷத்துக்கு ஒரு முறை முப்பது நாள் லீவில் வருவார். அதிலும் பாதி நாள் கல்யாணம், காதுகுத்து, பாங்கு, பத்திர ஆபீஸ் என்று ஓடி விடும். இப்படியே ஐந்து வருஷம். நாங்கள் சேர்ந்திருந்த நாட்களைக் கூட்டிப் பார்த்தால் ஐந்து மாதம்தான் வரும். "இன்னும் விசேஷம் இல்லையா?" என்று கேட்பவர்களுக்கு மட்டும் குறைச்சலே இருக்காது. புருஷன் அங்கே, பெண்டாட்டி இங்கே என்று இருந்தால் விசேஷம் எங்கிருந்து வரும்?

மூன்று வருஷத்துக்கு முன்னால் குடும்ப விசா கிடைத்து நானும் மஸ்கட் வந்து சேர்ந்தேன். ரூவி என்ற பகுதியில் ஒரு படுக்கை அறை கொண்ட சின்ன வீடு. நம் மளிகை சாமான், கறிவேப்பிலை, முருங்கைக்காய் எல்லாமே நடக்கும் தூரத்தில் கிடைக்கும். ஆனால் பேசத்தான் ஆள் இல்லை. காலை ஏழரைக்குப் போனால் அவர் வர ராத்திரி எட்டு மணி ஆகி விடும். ஜன்னலைத் திறந்தால் எதிர் கட்டடத்துச் சுவர், வெயில் காலத்தில் அனல் காற்று. இந்த நாட்டில் 2013-ம் வருஷம் முதல் வெள்ளி, சனிதான் வார விடுமுறை. ஆனால் அவர் கம்பெனியில் பெரும்பாலும் வெள்ளி ஒரு நாள்தான் லீவு. அந்த ஒரு நாளும் அசதியில் தூங்கி விடுவார். ஒரே வீட்டில் இருந்தும், "சாப்பாடு போடட்டுமா", "ஊருக்குப் பணம் அனுப்பியாச்சா" என்பதற்கு மேல் எங்களுக்குள் பேச்சே இல்லை.

ஒரு வருஷம் இப்படிப் போனதும் ஊரிலிருந்து யோசனை சொன்னார்கள். "நாத்தனார் கல்யாணக் கடன் ஒன்பது லட்சம் அப்படியே நிக்குது. நீ ஊருக்கு வந்துடு. அவன் நாலு பேரோட ரூம்ல தங்கிக்கட்டும். கடன் சட்டுனு அடையும்ல?" என்றார் என் மாமியார். அதில் தப்பு ஒன்றும் இல்லை. வட்டி கட்டுகிற வீட்டில் அப்படித்தானே யோசிக்கத் தோன்றும்!

அன்று ராத்திரி இருவரும் நோட்டை எடுத்து வைத்துக் கணக்குப் போட்டோம். வீட்டு வாடகை, கரண்டு, சாப்பாடு எல்லாம் சேர்த்து, நான் ஊருக்குப் போனால் மாதம் நூற்றைம்பது ரியால் மிச்சமாகும். ஒரு ரியால் இருநூறு ரூபாய்க்கும் மேல். கடன் ஏறக்குறைய ஒன்றரை வருஷம் முன்னாலேயே அடைந்து விடும். நோட்டைப் பார்த்தால் நான் கிளம்புவதுதான் சரி என்று தெரிந்தது.

என்னவர் ரொம்ப நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "இங்க பாரும்மா, கடனை அடைச்சுட்டு நாப்பது வயசுல நாம ரெண்டு பேரும் புதுசா பழக ஆரம்பிக்கணுமா?" என்று கேட்டார். எனக்குக் கண் கலங்கி விட்டது. "அப்படின்னா ஒண்ணுங்க, வெள்ளிக்கிழமை நமக்கு. தூங்கறதுக்கு இல்ல" என்றேன். சரி என்று தலையாட்டினார். அத்தையிடமும் அவரே பேசினார். "கடன் மூணு வருஷத்துல கட்டாயம் முடியும்மா, ஒரு தவணைகூட நிக்காது" என்று உறுதி சொன்னார். அத்தைக்கு வருத்தம்தான். ஒரு மாதம் என்னோடு சரியாகவே பேசவில்லை.

வெள்ளிக்கிழமைச் செலவு வாரத்துக்கு மூன்று ரியால், பெட்ரோல் உட்பட. அதற்கு மேல் போகக் கூடாது. மிச்சமானால் அடுத்த வாரத்துக்கு. இதுதான் நாங்கள் வைத்துக் கொண்ட சட்டம். எங்களிடம் இருப்பது யாரோ ஓட்டி ஓய்ந்த பழைய கார். ஏ.சி. அது நினைத்தால்தான் வேலை செய்யும்!

வியாழக்கிழமை ராத்திரியே புளிக்காய்ச்சல் தயாராகி விடும். காலையில் சாதத்தைக் கிளறி, வடகம், கொஞ்சம் தயிர் சாதம், ஒரு பெரிய குடுவைத் தண்ணீர், பாய் சகிதம் கிளம்பி விடுவோம். பல வாரம் போவது மத்ரா கடற்கரைச் சாலைக்குத்தான். ஒரு பக்கம் கடல், இன்னொரு பக்கம் பொட்டல் மலை, மலை மேல் பழைய கோட்டை. குளிர் காலத்தில் கடல் புறாக்கள் கூட்டம் கூட்டமாக வரும். பக்கத்திலேயே மத்ரா கடைவீதி. சந்து சந்தாக உள்ளே போகும். நுழையும்போதே லுபான் வாசனை தூக்கும். இது தெற்கே சலாலா பக்கத்து மரங்களில் வடியும் பிசின். நம் சாம்பிராணி போல இங்கே வீட்டுக்கு வீடு புகை போடுவார்கள். ஒன்றும் வாங்காமலே ஒரு மணி நேரம் சுற்றலாம். வெளியே வந்து நூறு, நூற்றைம்பது பைசாவுக்கு ஏலக்காய் போட்ட டீ. இங்கே ஒரு ரியாலுக்கு ஆயிரம் பைசா என்பதால் பயப்பட வேண்டாம்!

பழைய மஸ்கட்டில் சுல்தான் அரண்மனைக்குப் பக்கத்தில் ஒரு சிவன் கோவில் இருக்கிறது. நூறு வருஷத்துக்கும் மேல் பழமையானது. அரபு நாட்டில் சிவன் கோவிலா என்று என் அம்மாவுக்கு இன்னமும் ஆச்சரியம்.

குரம் கடற்கரையில் ஒரு நாள் மறக்க முடியாதது. பக்கத்தில் ஓர் ஓமானியக் குடும்பம் பாய் விரித்து உட்கார்ந்திருந்தது. அந்த வீட்டுப் பாட்டி சைகை காட்டிக் கூப்பிட்டார். பேரீச்சம்பழமும், கைப்பிடி இல்லாத சின்னக் கோப்பையில் 'கஹ்வா'வும் கொடுத்தார். பாலும் சர்க்கரையும் இல்லாத ஏலக்காய்க் காப்பி. குடிக்கக் குடிக்க ஊற்றிக் கொண்டே இருந்தார். போதும் என்றால் கோப்பையை லேசாக ஆட்டிக் காட்ட வேண்டுமாம்! நான் புளியோதரை கொடுத்தேன். பாட்டி ஒரு வாய் சாப்பிட்டு, காரத்துக்குத் தண்ணீர் கேட்டு, மறுபடியும் கை நீட்டினார். பாஷை தெரியாமலே ஒரு மணி நேரம் பேசினோம் என்றால் பாருங்களேன்.

அவருக்கு லீவு கிடைத்த ஒரு சனிக்கிழமை சுல்தான் காபூஸ் பெரிய மசூதிக்குப் போனோம். 2001-ல் திறந்தது. வெள்ளிக்கிழமை தவிர மற்ற நாட்களில் காலையில் எல்லா மதத்தினரும் பார்க்கலாம். பெண்கள் தலையையும் கை, கால்களையும் மூடியிருக்க வேண்டும். தொழுகைக் கூடத்தில் ஒரே கம்பளம், எடை இருபத்தோரு டன். ஈரான் நாட்டுப் பெண்கள் அறுநூறு பேர் நாலு வருஷம் கையால் முடிச்சுப் போட்டு நெய்தார்களாம். மொத்தம் நூற்றெழுபது கோடி முடிச்சு! மேலே தொங்கும் பெரிய விளக்கைத்தான் எல்லோரும் அண்ணாந்து பார்த்தார்கள். நான் குனிந்து கம்பளத்தையே பார்த்துக் கொண்டிருந்தேன். வீட்டில் எத்தனை வேலையை விட்டு விட்டு வந்து உட்கார்ந்து நெய்தார்களோ!

நாலு வாரம் குரத்தோடு நிறுத்திக் காசு சேர்த்து ஒரு தடவை நிஸ்வா போனோம். மஸ்கட்டிலிருந்து நூற்றறுபது கிலோமீட்டர் போல வரும். வெள்ளிக்கிழமை காலையில் அங்கே ஆட்டுச் சந்தை கூடும். வாங்குகிறவர்கள் வட்டமாக நிற்க, விற்கிறவர்கள் ஆட்டைப் பிடித்துக் கொண்டு விலை சொல்லியபடி சுற்றிச் சுற்றி வருவார்கள். அங்குள்ள கோட்டையின் வட்டக் கோபுரம் 17-ம் நூற்றாண்டில் கட்டியது. உள்ளே ஒரு அறையில் பேரீச்சம்பழ மூட்டைகளை அடுக்கி வைப்பார்களாம். அதன் கனத்திலேயே பாகு வடிந்து, தரையில் வெட்டிய சின்ன வாய்க்கால் வழியாக ஓடிச் சேரும். அதைக் கொதிக்க வைத்து, கோட்டைக்குள் புகும் எதிரியின் தலையில் ஊற்றுவார்களாம். நம் வீட்டுப் பாகு காய்ச்சும் வேலை யுத்தத்துக்கும் பயன்பட்டிருக்கிறது!

ஆட்டுச் சந்தையைப் படம் எடுத்து அத்தைக்கு அனுப்பினேன். அத்தை ஆடு வளர்த்தே பிள்ளைகளை ஆளாக்கியவர். அன்று ராத்திரியே போன். "அந்தக் கருப்புக் கிடா என்ன வெலை சொன்னான்? பல்லைப் பாத்தீகளா?" என்று ஒரே விசாரிப்பு. அப்புறம் கொஞ்ச நேரம் கழித்து, "அவன் மொகம் தெளிவா இருக்கு தாயி" என்றார். ஊருக்கு வா என்ற பேச்சை அதற்குப் பிறகு அவர் எடுக்கவில்லை. இப்போது வியாழக்கிழமை ஆனால், "நாளைக்கு எங்க போறீக?" என்று கேட்கிறார்.

எல்லாம் இனித்தது என்று சொல்ல மாட்டேன். கடனில் இன்னும் ஒரு வருஷத் தவணை பாக்கி. குழந்தைக்காக டாக்டரிடம் போய்க் கொண்டிருக்கிறோம். பலன் இன்னும் தெரியவில்லை. ஆனால் டாக்டர் சொன்னதை வீடு வரும் வழியில் காரிலேயே பேசி முடித்து விடுகிறோம். முன்பு போல ஆளுக்கொரு பக்கம் திரும்பிப் படுத்துக் கொண்டு யோசிப்பதில்லை.

இங்கே வருகிற சகோதரிகளுக்கு இரண்டு வார்த்தை. கோடையில் பகலில் வெளியே கிளம்பாதீர்கள், பொழுது சாய்ந்த பின் கடற்கரை போதும். மலைப் பக்கம் 'வாதி' என்று வறண்ட ஆறுகள் உண்டு. மழை பெய்தால் திடீரென்று வெள்ளம் வரும், காரில் கடக்கவே கூடாது. ஓமானியப் பெண்களை அனுமதி கேட்காமல் படம் எடுக்காதீர்கள்.

வெள்ளிக்கிழமை மாலை ரூவி தெருக்களில் நடந்தால், நம் ஊர் ஆண்கள் நூற்றுக்கணக்கில் போனும் கையுமாக நின்று ஊருக்குப் பேசிக் கொண்டிருப்பார்கள். குடும்பத்தை அழைத்து வரச் சம்பளம் போதாதவர்கள். அவர்களைத் தாண்டிப் போகும்போது எனக்கு மனசு கனத்துப் போகும். எல்லோருக்கும் இந்த வாய்ப்பு கிடைப்பதில்லை. கிடைத்தும், மிச்சம் பிடிக்க வேண்டும் என்பதற்காகவே பிரிந்திருக்கும் தோழிகளுக்கு ஒன்று சொல்வேன். கணக்கு நோட்டில் வாடகையையும் வட்டியையும் எழுதுகிற நாம், சேர்ந்திருக்கும் நாட்களையும் வரவுப் பக்கத்தில் எழுத வேண்டும். கடனைக் கொஞ்சம் தாமதமாகக்கூட அடைத்து விடலாம். போன நாளை எந்தச் சம்பளத்தில் வாங்குவது?

- ஒரு வாசகி, மஸ்கட்.