இரண்டு கல்மரங்கள்

பெரம்பலூர் மாவட்டம் சாத்தனூரில் ஒரு மரம் படுத்துக் கிடக்கிறது. நீளம் 18 மீட்டர். தொட்டுப் பார்த்தால் கல். கிரெட்டேசியக் காலத்தில் இந்த வட்டாரம் கடலாகவும் கடலோரமாகவும் இருந்தபோது சாய்ந்த அடிமரம் அது. மண்ணுக்குள் புதைந்தது, நீரில் கரைந்து வந்த கனிமம் அதன் இழை இழையாக ஊறியது, மரம் மறைந்து, மரத்தின் வடிவம் மட்டும் கல்லாக மிஞ்சியது. 1940-ல் புவியியலாளர் எம். எஸ். கிருஷ்ணன் அதை அடையாளம் கண்டு உலகுக்குச் சொன்னார். இங்கே அதன் பெயர் கல்மரம்.

தென் அமெரிக்காவில், பொலிவியாவின் தெற்குப் பாலைமேட்டில், ஒன்று நிற்கிறது. அதற்கு அந்த நாட்டார் வைத்த ஸ்பானியப் பெயர் 'ஆர்போல் தே பியேத்ரா'. ஆர்போல் என்றால் மரம். பியேத்ரா என்றால் கல். அகராதியை வைத்துப் பெயர்த்தால் அச்சு அசலாக நம் கல்மரம்தான். ஆனால் அது ஒருநாளும் மரமாக இருந்ததில்லை. எரிமலைப் பாறையின் அடிப்பகுதியை மணல் சுமந்து வரும் காற்று அராவி அராவி மெலிய வைத்ததால், தண்டும் தலையுமாக மரம்போல் நிற்கிற பாறை. ஒன்று கல்லாகிப்போன மரம். மற்றது மரச்சாயல் பெற்ற கல். சொல்லுக்குச் சொல் எழுதிப் போட்டால் இந்த வேறுபாடு தெரியவே தெரியாது. இரண்டு படங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் பத்து வயதுப் பிள்ளைக்கும் தெரிந்துவிடும்.

அயல்மொழி வகுப்பில் படத்துக்கு இருக்கும் மதிப்பு இதுதான் என்று நினைக்கிறேன். படம் காட்டிச் சொல் கற்பிப்பது புதிதல்ல. கல்வியாளர் கொமேனியுஸ் 1658-ல் நியூரம்பர்க்கில் வெளியிட்ட படநூல், லத்தீனையும் ஜெர்மனையும் மரச்செதுக்குப் படங்களோடு கற்பித்தது. அதன் எழுத்து வரிசையில் முதலில் நிற்பது கரைகிற காக்கை! நம் பள்ளிகளும் படத்துக்குப் பழகியவைதான். 2003-ல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் தொடங்கிய செயல்வழிக் கற்றல் அட்டைகள் பின்னர் மாநிலமெங்கும் போயின; 2022-ல் 'எண்ணும் எழுத்தும்' திட்டம் வந்தது.

படம் ஏன் இப்படி மனத்தில் ஒட்டுகிறது? 1967-ல் ரோஜர் ஷெப்பர்ட் என்ற உளவியலாளர் 612 படங்களை ஒவ்வொன்றாகக் காட்டிவிட்டு, பார்த்தது எது, பாராதது எது என்று இரண்டிரண்டாக வைத்துக் கேட்டார். நூற்றுக்கு 97 அளவில் சரியாகச் சொன்னார்கள். 540 சொற்களைக் காட்டியபோது அது 90-ஐ ஒட்டி நின்றுவிட்டது. மற்றோர் உளவியலாளர் ஆலன் பைவியோ இதற்குச் சொன்ன விளக்கம் எளிமையானது: சொல் ஒரு தடமாகப் பதிகிறது, படம் பார்வையாகவும் பெயராகவும் இரு தடமாகப் பதிகிறது. ஒன்று அழிந்தாலும் மற்றது வழிகாட்டும்.

ஸ்பானியத்தையே வைத்து நடந்த சோதனையும் உண்டு. 1975-ல் மைக்கேல் ரா, ரிச்சர்ட் அட்கின்சன் இருவரும் 60 ஸ்பானியச் சொற்களை மாணவர்களுக்குக் கொடுத்தார்கள். புதுச்சொல்லின் ஒலியில் தாய்மொழிச் சொல் ஒன்றைத் தேடு. இரண்டையும் சேர்த்து மனத்துக்குள் ஒரு படம் வரை. அவ்வளவுதான் பயிற்சி. அப்படிச் செய்தவர்கள் நூற்றுக்கு 88 சொற்களை நினைவில் வைத்திருந்தார்கள். தம் போக்கில் படித்தவர்கள் 28.

தமிழ்ப் பிள்ளைக்கு இது இன்னும் லேசு. ஸ்பானியத்தில் நிலாவுக்கு லூனா என்று பெயர். தாத்தாவின் லூனா வண்டியில் நிலா ஏறி வருவதாக ஒரு படம் போதும். வாத்துக்குப் பாத்தோ. சின்ன வெங்காயப் பாத்தியில் ஒரு வாத்தை நடக்கவிட்டால் அது மறக்குமா? மேசைக்கு மேசா. இதற்குப் படமே வேண்டாம். போர்த்துக்கீசியர் வழியாக அந்தச் சொல் நம் வீட்டுக்குள் வந்து நானூறு ஆண்டுக்கு மேலாகிறது.

ஆனால் படம் தனியாகப் பேசாது. மக்காச்சோளக் கதிரைக் காட்டி 'மயீஸ்' என்றால், அது கதிரா, மணியா, மஞ்சள் நிறமா, உணவா? பெரம்பலூர்ப் பிள்ளைக்கு மக்காச்சோளம் புதிதல்ல. தமிழ்நாட்டில் அது மிகுதியாக விளையும் மாவட்டங்களில் பெரம்பலூரும் ஒன்று. விளைந்ததில் பெரும்பகுதி கோழித் தீவனத்துக்கு லாரி ஏறிவிடுகிறது. அந்தப் பயிர் பிறந்த மெக்சிகோவிலோ அதுதான் சோறு. ஆகவே கதிரின் படம் போதாது, அடுப்படியின் படம் வேண்டும்: பானையில் மணிகள் கொதிக்கின்றன, தண்ணீர் வெள்ளையாகக் கலங்கியிருக்கிறது. பக்கத்தில் அரைத்த மாவை அடைபோல் தட்டிக் கல்லில் போடுகிறார்கள், அது தோர்த்தீயா. கதிரின் தோகையில் மாவைப் பொதிந்து, நம் கொழுக்கட்டைபோல் ஆவியில் வேகவைத்தால் தமால்.

தண்ணீர் ஏன் வெள்ளை என்று ஒரு பிள்ளையாவது கேட்கும். சுண்ணாம்பு. சுண்ணாம்பில் வேகும்போது மணியின் தோல் கழலும்; உள்ளே கட்டுண்டு கிடக்கும் நியாசின் என்ற உயிர்ச்சத்தும் விடுபடும். மக்காச்சோளத்தை மட்டும் கப்பலில் கொண்டுபோன ஐரோப்பா சுண்ணாம்பை விட்டுவிட்டுப் போனது. நியாசின் கிடைக்காமல் தோல் வெடித்துச் சிவக்கும் பெல்லாக்ரா நோயை 1735-ல் ஸ்பெயினின் அஸ்தூரியாஸ் பகுதி ஏழைகளிடம் மருத்துவர் காஸ்பர் காசால் கண்டார். பெரும்பாலும் மக்காச்சோளமே உண்டு வாழ்ந்தவர்கள் அவர்கள்.

இந்த இடத்தில் அரியலூரின் சுண்ணாம்புச் சுரங்கத்தைப் படமாகக் காட்டலாம். பழைய கடலின் சிப்பியும் கிளிஞ்சலும் படிந்த பாறை, இன்று சிமெண்டாகிறது. கதிர் பெரம்பலூரில், சுண்ணாம்பு அரியலூரில். மெக்சிகோ அடுப்படிக்கு வேண்டிய இரண்டும் பேருந்தில் போய்வரும் தொலைவில் இருக்கின்றன. படத்தின் அடியில் ஸ்பானியப் பெயரை எழுதும்போது வகுப்பே ஒருமுறை நிமிர்ந்து பார்க்கும். வேர் வேறு, ஒலி மட்டும் தற்செயலாக ஒன்று: சுண்ணாம்புக்கு ஸ்பானியத்தில் 'கல்'.