எக்ஸ்ட்ரா லைட்... உங்களுக்கு வழிகாட்டியா, எதிரே வருபவருக்கு எமனா?

அதிகாலை நான்கு மணிக்குக் கேரளத்தின் சூரியநெல்லியிலிருந்து ஜீப்புகள் வரிசையாகக் கிளம்பும். எல்லாம் கொழுக்குமலையில் சூரிய உதயம் பார்க்கப் போகிறவை. மலை நம் தேனி மாவட்டத்தில் இருந்தாலும், வண்டி ஏறும் வழி அந்தப் பக்கம்தான். தார் கிடையாது, தெருவிளக்கு கிடையாது. உருண்டை உருண்டையாகக் கற்கள், ஓரத்தில் பள்ளம். அங்கே பம்பரில் இரண்டு எக்ஸ்ட்ரா லைட் இருந்தால் அது ஆடம்பரம் இல்லை, அவசியம்.

அதே லைட்டைப் போட்டுக்கொண்டு அதே வண்டி போடிமெட்டு மலைச்சாலையில் இறங்கினால்? எதிரே பைக்கில் மனைவி, குழந்தையோடு வருகிற ஒருவருக்கு அடுத்த சில நொடிகளுக்கு ரோடே தெரியாது. ஒரே லைட், ஒரு இடத்தில் உயிர் காக்கும், இன்னொரு இடத்தில் உயிர் எடுக்கும்.

இப்போது ஜீப், எஸ்.யூ.வி மட்டுமல்ல, பைக்குகளிலும் எல்.இ.டி லைட்டுகள் ஏறிவிட்டன. வாங்குவதற்கு முன்பும், மாட்டிய பிறகும் தெரிந்துகொள்ள வேண்டியவை இங்கே.

கண் கூசும் அந்த மூன்று நொடி

இருட்டில் நம் கண்மணி நன்றாக விரிந்திருக்கும். திடீரென்று பலமான வெளிச்சம் பட்டால் சுருங்கிவிடும். வெளிச்சம் கடந்த பிறகு கண் மறுபடியும் இருட்டுக்குப் பழகச் சில நொடிகள் ஆகும். 60 கி.மீ வேகத்தில் போகிற வண்டி ஒரு நொடியில் கிட்டத்தட்ட 17 மீட்டர் நகரும். மூன்று நொடி கண் தெரியாவிட்டால் 50 மீட்டர் குருட்டுப் பயணம். வயதானவர்களுக்கும் கண்புரை உள்ளவர்களுக்கும் இந்த நேரம் இன்னும் அதிகம்.

எந்த லைட் எதற்கு?

கடையில் எல்லாவற்றையும் ‘ஃபாக் லைட்’ என்றே சொல்லி விற்பார்கள். உண்மையில் மூன்று வகை உண்டு.

ஃபாக் லைட்: பம்பருக்குக் கீழே, தரையை ஒட்டி மாட்டுவது. வெளிச்சம் அகலமாக, தட்டையாக விழும். மேல் விளிம்பு கத்தியால் வெட்டியதுபோல் நின்றுவிடும். பனிமூட்டத்திலும் மழையிலும் சாலையின் ஓரக்கோட்டைக் காட்டுவதுதான் இதன் வேலை.

டிரைவிங் லைட்: நீளமாக, தூரமாக அடிப்பது. ஹை பீமுக்குத் துணை. எதிரே வண்டி வந்தால் ஹை பீமோடு சேர்ந்து இதுவும் அணைய வேண்டும்.

லைட் பார்: வண்டியின் கூரையிலோ பம்பரிலோ நீளமாக மாட்டுவது. எல்லாப் பக்கமும் வெளிச்சத்தைக் கொட்டும். எஸ்டேட் பாதை, ஆற்றுப்படுகை போன்ற இடங்களுக்கு மட்டும்தான் இது. கூரையில் மாட்டினால் பானெட்டில் பட்டு ஓட்டுபவரின் கண்ணையே கூசச் செய்யும். அதனால் சற்றுப் பின்னால் தள்ளி மாட்டுவது நல்லது.

பனிமூட்டத்தில் ஹை பீம் போட்டால் நன்றாகத் தெரியும் என்பது தவறான நம்பிக்கை. பனி என்பது காற்றில் மிதக்கும் நீர்த்துளிகள். அவற்றில் பட்டு வெளிச்சம் நம் கண்ணுக்கே திரும்பி வரும். எதிரே வெள்ளைச் சுவர்தான் தெரியும். முன்னால் போகும் ஜீப் கிளப்பும் புழுதியிலும் இதே கதைதான். மஞ்சள் வெளிச்சம் பனியைத் துளைத்துக்கொண்டு போகும் என்பதும் முழு உண்மை இல்லை. மஞ்சளில் நீலக்கூறு குறைவு என்பதால் கண்ணுக்கு இதமாக இருக்கும், அவ்வளவுதான். நிறத்தைவிட, லைட் எவ்வளவு தாழ்வாக இருக்கிறது, வெளிச்சம் எப்படி விழுகிறது என்பதுதான் முக்கியம்.

வாங்கும் முன்

முதலில் இருக்கிற ஹெட்லைட்டைப் பாருங்கள். கண்ணாடி மஞ்சளித்து மங்கிப்போயிருந்தால் பாலிஷ் செய்யுங்கள். கோணம் கீழே இறங்கியிருந்தால் சரிசெய்யுங்கள். முன் கண்ணாடியை உள்பக்கமும் துடையுங்கள். பாதிப் பேருக்கு இதுவே போதும்.

ஹாலஜன் ஹெட்லைட்டுக்குள் எல்.இ.டி பல்பை மாற்றிப் போடுவதைத் தவிருங்கள். அந்த ஹெட்லைட்டின் உள்வளைவு, ஹாலஜன் இழை இருக்கும் இடத்தைக் கணக்கிட்டுச் செய்யப்பட்டது. வேறு பல்பு போட்டால் வெளிச்சம் சிதறும். உங்களுக்கும் பயன் குறைவு, எதிரே வருபவருக்கும் தொல்லை.

புது லைட் வாங்கும்போது வாட், லூமென் எண்களை மட்டும் பார்த்து மயங்காதீர்கள். வெளிச்சம் சுவரில் எப்படி விழுகிறது என்று கடையிலேயே போட்டுக் காட்டச் சொல்லுங்கள். ஐபி67 என்று இருந்தால், தூசி உள்ளே போகாது, ஒரு மீட்டர் ஆழத் தண்ணீரில் அரை மணி நேரம் இருந்தாலும் தாங்கும் என்று பொருள். எல்.இ.டி லைட்டின் பின்னால் வெப்பத்தை வெளியேற்றும் அலுமினியத் தகடுகள் கனமாக இருக்க வேண்டும். எடை மிகக் குறைவாக இருந்தால் யோசியுங்கள்.

வயரிங்கில் மிச்சம் பிடிக்காதீர்கள்

55 வாட் ஹாலஜன் லைட் இரண்டு போட்டால் 110 வாட். 12 வோல்ட் பேட்டரியில் அது சுமார் 9 ஆம்பியர் மின்சாரம் இழுக்கும். இதை ஹெட்லைட் வயரில் ஒட்டுப்போட்டு எடுத்தால் சுவிட்ச் உருகும், வயர் சூடாகும், தீப்பிடிக்கவும் வாய்ப்புண்டு.

சரியான முறை இதுதான். பேட்டரியிலிருந்து தனி வயர். பேட்டரிக்குப் பக்கத்திலேயே ஃபியூஸ். மேலே சொன்ன கணக்குக்கு 15 ஆம்பியர் போதும். அதற்குப் பிறகு ரிலே. டேஷ்போர்டில் தனி சுவிட்ச். ஃபியூஸ் அடிக்கடி போகிறது என்று பெரிய ஃபியூஸ் மாட்டுவது, காய்ச்சல் வந்தவருக்குத் தெர்மாமீட்டரை உடைப்பது மாதிரி. எங்கே கோளாறு என்று தேடுங்கள். தகரத்தைத் துளைத்து வயர் போகும் இடத்தில் ரப்பர் வளையம் கட்டாயம் வேண்டும்.

கம்பெனி வயரிங்கை வெட்டி ஒட்டினால் வாரன்டி கிடைக்காமல் போகலாம். இன்ஷூரன்ஸிலும் சிக்கல் வரலாம். பைக்குகளின் ஆல்டர்னேட்டர் சிறியது. அதற்கு மேல் லைட் ஏற்றினால் பேட்டரி மெல்ல மெல்ல இறங்கிவிடும்.

முகாமில் இன்ஜினை அணைத்துவிட்டு லைட்டை மட்டும் எரியவிடாதீர்கள். 35 ஆம்பியர்-மணி பேட்டரியில், மேலே சொன்ன இரண்டு லைட்டுகள் இரண்டு மணி நேரத்தில் பாதியைக் குடித்துவிடும். பிறகு நடுக்காட்டில் வண்டியைத் தள்ள வேண்டியதுதான். ஓடையைக் கடக்கும் முன் ஹாலஜன் லைட்டை அணைத்து ஆறவிடுங்கள். சூடான கண்ணாடியில் குளிர்ந்த தண்ணீர் பட்டால் விரிசல் விடும்.

சட்டம் என்ன சொல்கிறது?

1989-ம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகளில் விதி 111, வண்டியின் முன்பக்கம் ஸ்பாட் லைட், சர்ச் லைட் மாட்டுவதைத் தடை செய்கிறது. விதிவிலக்கான சூழலில், பதிவு அதிகாரியின் முன் அனுமதியோடு மட்டுமே மாட்டலாம். விதி 106-ன்படி முன்பக்க விளக்கின் ஒளி கீழ்நோக்கியே இருக்க வேண்டும். 8 மீட்டர் தூரத்தில், ஒன்றரை மீட்டர் உயரத்தில் கண் உள்ளவருக்குக் கூசக் கூடாது. அதனால் மாட்டுவதற்கு முன் ஆர்.டி.ஓ அலுவலகத்தில் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். கம்பெனியே பொருத்தித் தரும் ஃபாக் லைட் இருந்தால் அதுவே பாதுகாப்பான வழி.

சுவர் சோதனை

சமதளத்தில், சுவரிலிருந்து 5 மீட்டர் தள்ளி வண்டியை நிறுத்துங்கள். தரையிலிருந்து ஃபாக் லைட்டின் மையம் எவ்வளவு உயரம் என்று அளந்து, அதே உயரத்தில் சுவரில் கோடு போடுங்கள். வெளிச்சத்தின் மேல் விளிம்பு அந்தக் கோட்டுக்குக் குறைந்தது 5 செ.மீ கீழே இருக்க வேண்டும். பின்சீட்டில் ஆளும் டிக்கியில் மூட்டையும் ஏறினால் வண்டியின் மூக்கு தூக்கிக்கொள்ளும். டூருக்குக் கிளம்பும்போது மறுபடியும் பார்த்துவிடுங்கள்.

ரோட்டில் இறங்கியதும்...

* தார்ச்சாலை வந்ததும் எக்ஸ்ட்ரா லைட்டை அணையுங்கள். அதற்கு மூடி இருந்தால் மாட்டிவிடுங்கள். தவறுதலாக சுவிட்ச் பட்டாலும் பிரச்னை இல்லை.

* எதிரே வண்டி வந்தால் மட்டுமல்ல, முன்னால் வண்டி போனாலும் டிம் செய்யுங்கள். அவருடைய கண்ணாடியில் உங்கள் வெளிச்சம்தான் தெரியும்.

* எதிரே வருபவர் டிம் செய்யவில்லையா? பதிலுக்கு நீங்களும் ஹை பீம் அடிக்காதீர்கள். கண் தெரியாத இரண்டு பேர் எதிரெதிரே வருவது இன்னும் ஆபத்து. வேகத்தைக் குறைத்து, சாலையின் இடது ஓர வெள்ளைக்கோட்டைப் பார்த்து ஓட்டுங்கள்.

* காட்டுச் சாலையில் விலங்குகள் மேல் லைட் அடிக்காதீர்கள். யானை நின்றால் தூரத்திலேயே நிறுத்தி, டிம் செய்து, ஹாரன் அடிக்காமல் காத்திருங்கள். பந்திப்பூர் வழியே இரவு 9 முதல் காலை 6 மணி வரை போக்குவரத்துக்குத் தடை இருப்பதும் விலங்குகளுக்காகத்தான்.

* 80 கி.மீ வேகத்தில் பிரேக் அடித்து வண்டி நிற்க, சுதாரிக்கும் நேரத்தையும் சேர்த்தால் 70 மீட்டர் வரை ஆகும். பல வண்டிகளின் லோ பீம் அவ்வளவு தூரம் காட்டாது. இருட்டில் எவ்வளவு தூரம் தெரிகிறதோ, அதற்குள் நிற்கிற வேகத்தில் போவதுதான் எந்த லைட்டையும்விட நல்ல பாதுகாப்பு. அதற்குச் செலவும் இல்லை!