ஜகார்த்தா ஏன் தாழ்கிறது? கரையோர ஊர்களுக்கு ஒரு பாடம்

பாடசாலை விடுமுறையில் ஜகார்த்தாவுக்குப் போகிறேன் என்றதும் தெரிந்தவர்கள் இரண்டு விடயங்களைத்தான் சொன்னார்கள். ஒன்று, தானா அபாங் சந்தையில் உடுப்பு மலிவு. மற்றது, வீதி நெரிசல். இரண்டும் உண்மைதான். ஆனால், ஐந்து நாட்கள் அந்நகரைச் சுற்றிப் பார்த்த பின் என் மனதில் நிற்பது வேறொன்று. தன் காலடியில் இருந்த நீரை அளவின்றி உறிஞ்சி, அந்த மாநகரம் தானே தாழ்ந்துகொண்டிருக்கிறது. கரையோர ஊர்களில் வாழும் நாம் அதன் காரணத்தை அறிந்திருப்பது நல்லது.

முதலில் நகரத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். சுற்றியுள்ள புறநகர்களையும் சேர்த்தால் ஜகார்த்தாவில் சுமார் 4 கோடியே 20 இலட்சம் பேர் வாழ்கிறார்கள். உலகின் மிகப் பெரிய நகரம் இதுவே என்று ஐக்கிய நாடுகள் சபை 2025 இறுதியில் அறிவித்தது. எமது முழு நாட்டின் சனத்தொகையைப் போல் ஏறக்குறைய இரு மடங்கு! காலை ஆறு மணிக்கே வீதிகள் மோட்டார் சைக்கிள்களால் நிரம்பிவிடும். பச்சை ஜாக்கெட் அணிந்த ஓட்டுநர்கள் ஆட்களையும் சாப்பாட்டுப் பொதிகளையும் ஏற்றிக்கொண்டு சந்து பொந்தெல்லாம் நுழைகிறார்கள். அந்த நெரிசலுக்குள்ளும் 2004இல் தொடங்கிய பஸ் சேவைக்குத் தனி வழி இருக்கிறது. வெறும் 3,500 ரூபியாவுக்கு ஏறி, நின்றுகொண்டிருந்த கார்களைக் கடந்து போனோம். 2019 முதல் மெட்ரோ ரயிலும் ஓடுகிறது.

எமக்கு அந்நியமாகத் தோன்றாத ஊர் அது. சாரம் உடுத்த மனிதர்கள், சம்பல், நாசி கோரெங் எல்லாம் பழக்கமானவைதானே. ஒல்லாந்தர் 1619இல் பத்தாவியா என்ற பெயரில் நிறுவிய நகரம் இது. அவர்கள் அங்கிருந்து இலங்கைக்கு அனுப்பிய படைவீரர்கள், நாடு கடத்திய அரச குடும்பத்தினர் ஆகியோரின் வழிவந்தவர்களே எமது மலாய்ச் சகோதரர்களில் பலர்.

நகர மையத்தில் 1978இல் திறக்கப்பட்ட இஸ்திக்லால் பள்ளிவாசல் இருக்கிறது. அதை வடிவமைத்த பிரெடெரிக் சிலாபான் ஒரு கிறிஸ்தவர். எதிரே கத்தோலிக்கப் பேராலயம். இரண்டையும் இணைக்க நிலத்தின் கீழ் ஒரு நடைபாதை அமைத்திருக்கிறார்கள். அண்மைய புனரமைப்பின்போது, நீர் குறைவாக ஓடும் குழாய்களையும் நீரை மீள்சுழற்சி செய்யும் வசதியையும் சூரிய மின்தகடுகளையும் பள்ளிவாசலில் பொருத்தினார்கள். இத்தனை பெரிய பள்ளிவாசலில் ஏன் இந்தச் சிக்கனம் என்பது வடக்கே கடற்கரைக்குப் போனபோது விளங்கியது.

முவாரா பாரு என்ற இடத்தில் நீண்ட கொங்கிரீட் கடற்சுவர் எழுப்பியிருக்கிறார்கள். அதன் மேல் ஏறிப் பார்த்தால் ஒரு பக்கம் கடல், மறுபக்கம் வீடுகள். கடல் மட்டமோ வீதியை விட உயரத்தில்! சுவருக்கு வெளியே கைவிடப்பட்ட ஒரு பள்ளிவாசல் கடல் நீருக்குள் நிற்கிறது. ஒரு காலத்தில் அதுவும் தரையில் இருந்த, மக்கள் தொழுத பள்ளிதான்.

கடல் மட்டம் உயர்வதுதான் இதற்குக் காரணம் என்று பலர் நினைக்கிறார்கள். அது பாதிக் கதை. கடல் வருடத்துக்குச் சில மில்லிமீற்றர் உயர்கிறது. வடக்கு ஜகார்த்தாவிலோ நிலம் வருடத்துக்குப் பல சென்ரிமீற்றர் தாழ்ந்திருக்கிறது. சில இடங்களில் பத்து வருடங்களில் இரண்டரை மீற்றர் வரை இறங்கியது.

இது எப்படி நடக்கிறது? ஜகார்த்தா, ஆறுகள் கொண்டுவந்த களிமண் படிவுகளின் மேல் அமைந்த நகரம். களிமண் துகள்களுக்கு இடையிலுள்ள நீரும் மேலேயுள்ள பாரத்தின் ஒரு பகுதியைத் தாங்குகிறது. ஆழ்கிணறுகளால் அந்த நீரை எடுத்துவிட்டால் களிமண் நசிந்து இறுகும். பிறகு நீர் திரும்பி வந்தாலும் அது பழைய உயரத்துக்கு மீளாது. குழாய் நீர் எல்லா வீடுகளுக்கும் போய்ச் சேரவில்லை. ஆறுகள் மாசடைந்துவிட்டன. ஆகவே வீடுகளும் ஹோட்டல்களும் தொழிற்சாலைகளும் நிலத்தடி நீரை நம்பின. நிலத்தைக் கொங்கிரீட் மூடியதால் மழை நீர் உள்ளே இறங்க வழியும் குறைந்தது.

தலைநகரை கலிமந்தானுக்கு மாற்றப் போவதாக 2019இல் அரசு அறிவித்ததற்கு இதுவும் ஒரு காரணம். அலுவலகங்களை மாற்றலாம், கோடிக்கணக்கான மக்களை எங்கே மாற்றுவது? ஆனாலும் இது தடுக்க முடியாத விதியல்ல. டோக்கியோவும் இப்படித்தான் தாழ்ந்தது. 1960களிலும் 70களிலும் நிலத்தடி நீர் எடுப்பதை அங்கு சட்டத்தால் கட்டுப்படுத்திய பின், தாழ்வது பெருமளவு நின்றுவிட்டது.

எமது கிழக்குக் கரையிலும் கற்பிட்டியிலும் இருப்பது பெரும்பாலும் மணல் நிலம். அது ஜகார்த்தாவைப் போல் இறுகித் தாழாது. ஆனால் எமக்கு வேறோர் ஆபத்து இருக்கிறது. கரையோர மணலில் நன்னீர், உப்பு நீரின் மேல் மெல்லிய படையாகவே மிதக்கிறது. மோட்டரால் அளவுக்கு மீறி இறைத்தால் கீழிருக்கும் உப்பு நீர் மேலேறும். உவர்ந்த கிணறு என்றால் என்னவென்று 2004 சுனாமிக்குப் பின் நாம் கண்டோம். அன்று உப்பு மேலிருந்து வந்தது. நாளை கீழிருந்து வரலாம்.

ஆனால் நாம் செய்வதென்ன? வீட்டுக்கு வீடு குழாய்க்கிணறு தோண்டுகிறோம், முற்றம் முழுவதும் சீமெந்து பூசுகிறோம். வுழூவில் நீரை விரயம் செய்யக்கூடாதென்று சிறுவயதிலேயே கற்ற சமூகம் நாம். பள்ளிவாசல் நிர்வாகங்கள் நீர் குறைவாக ஓடும் குழாய்களைப் பொருத்தி, வுழூ நீரை மரங்களுக்குத் திருப்பலாம். வீடு கட்டுவோர் முற்றத்தில் ஒரு பகுதியையாவது மண்ணாகவே விட்டு, கூரை நீரை அங்கே இறக்கலாம். எமது பிரதேச சபைகள் திருமண மண்டபங்கள், ஹோட்டல்கள், தொழிற்சாலைகளின் குழாய்க்கிணறுகளைக் கணக்கெடுத்து, வருடத்துக்கு இரு முறை நீரின் உவர்ப்பைச் சோதிக்கலாம். இவற்றுக்குப் பெரும் செலவு இல்லை. உவர்ந்து போன கிணற்றை மீட்பதற்குத்தான் செலவும் காலமும் அதிகம்.