முறிந்த எலும்பும் உள்ளாணிச் சிகிச்சையும்

உழைத்து வாழும் குடும்பத்தில் ஒருவருக்குக் கால் முறியுமானால், முறிவது எலும்பு மட்டுமன்று. அக்குடும்பத்தின் வருவாயும் உடன் முறிகிறது. தென்னையிலிருந்து தவறி விழுபவர், கவிழ்ந்த டிராக்டரின் அடியில் சிக்குபவர், இருசக்கர வண்டியில் செல்லும்போது லாரியால் மோதப்படுபவர் ஆகியோரில் பலர் குடும்பத்தைத் தாங்கி நிற்கும் வயதினர். நடவுப் பருவத்தில் படுத்தவர் அறுவடைக்கும் எழ முடியாமற் போவது முன்னாளில் வழக்கமாக இருந்தது. அத்தகையோரைச் சில நாட்களிலேயே எழுந்து நிற்கச் செய்யும் சிகிச்சை முறை ஒன்று இப்போது உலகெங்கும் கையாளப்படுகிறது. எலும்பினுள் இயற்கையாகவே அமைந்துள்ள குழலில் உலோகத் தண்டொன்றைச் செலுத்தி, முறிந்த துண்டுகளை ஒரே நேர்கோட்டில் நிறுத்துவதே அம்முறையாகும். அத்தண்டை உள்ளாணி என்று கூறலாம். "காலில் ராடு வைத்திருக்கிறார்கள்" என்று மக்கள் சொல்வது பெரும்பாலும் இதனையே. அது எவ்வாறு பயன்படுகிறது, அதன் பயனை முழுமையாகப் பெற நாம் செய்ய வேண்டுவன யாவை என்பவற்றை இங்கே காண்போம்.

எலும்பு தானே கூடுகிறது

முதலில் ஓர் உண்மையை மனத்திற் கொள்ள வேண்டும். உடைந்த பாத்திரத்தைப் பற்றவைப்பதுபோல எலும்பைக் கட்டோ, ஆணியோ ஒட்டவைத்து விடுவதில்லை. எலும்பு உயிருள்ள பொருள். தன்னைத் தானே கூட்டிக்கொள்ளும் ஆற்றல் அதற்கு உண்டு. முறிவு ஏற்பட்டவுடன் அவ்விடத்தில் குருதி கசிந்து உறைகிறது. அவ்வுறைவினுள் நாளடைவில் புதிய இரத்தக் குழாய்கள் புகுகின்றன. இரண்டு மூன்று வாரங்களில் குருத்தெலும்பு போன்ற மென்மையான பாலம் ஒன்று உருவாகி இரு முனைகளையும் இணைக்கத் தொடங்குகிறது. பின்னர் அதில் சுண்ணாம்புச் சத்துப் படிந்து அது கெட்டியான எலும்பாக மாறுகிறது. வளர்ந்தவர்களுக்குத் தொடையெலும்போ, முழங்காலுக்குக் கீழுள்ள கணைக்காலெலும்போ திண்மையாகக் கூடுவதற்கு மூன்று முதல் ஆறு மாதங்கள் வரை ஆகலாம்.

இயற்கை செய்யும் இப்பணிக்கு மூன்று வசதிகள் தேவை. முறிந்த முனைகள் நேராக நிற்க வேண்டும்; அவை மிகுதியாக அசையாதிருக்க வேண்டும்; அவ்விடத்திற்குக் குருதியோட்டம் தடையின்றிச் செல்ல வேண்டும். எலும்பு முறிவுக்கு மனிதன் கண்ட சிகிச்சைகள் அனைத்தும் இம்மூன்றையும் பெறுவதற்கான முயற்சிகளே.

பழைய முறைகளும் அவற்றின் எல்லையும்

சிம்பு வைத்துக் கட்டுதல் மிகத் தொன்மையான முறை. 1852-ஆம் ஆண்டில் டச்சு நாட்டுப் படை மருத்துவரான அந்தோனியஸ் மத்தைசன், துணியில் மாவைத் தடவி, நீரில் நனைத்துச் சுற்றி இறுகவைக்கும் முறையை வெளியிட்டார். நாம் மாவுக்கட்டு என்று கூறுவது இதுவே. மணிக்கட்டு முறிவுக்கும், குழந்தைகளின் பல முறிவுகளுக்கும் இன்றும் அது சிறந்த சிகிச்சையாக விளங்குகிறது.

ஆனால் தொடையெலும்பின் நிலை வேறு. அதனைச் சுற்றிலும் உடலின் மிக வலிய தசைகள் உள்ளன. எலும்பு முறிந்தவுடன் அத்தசைகள் சுருங்கி, கீழ்த்துண்டை மேல்நோக்கி இழுக்கின்றன. துண்டுகள் ஒன்றன் மேல் ஒன்று ஏறிக் கால் குட்டையாகிறது. தடித்த சதைக்கு வெளியே போடும் கட்டு, உள்ளே நடக்கும் இவ்விழுப்பைத் தடுக்க இயலாது. எனவே முழங்காலுக்குக் கீழே எலும்பில் ஊசி ஒன்றைச் செலுத்தி, அதில் கயிறு கட்டி, கட்டிலின் முனையில் கப்பி வைத்து, எடையைத் தொங்கவிட்டுக் காலை இழுத்து வைக்கும் முறை நெடுங்காலம் கையாளப்பட்டது. நோயாளி ஆறு வாரம் முதல் மூன்று மாதம் வரை மல்லாந்தே கிடக்க நேர்ந்தது. முதுகில் படுக்கைப் புண் தோன்றும். மார்பில் சளி கட்டும். கால் இரத்தக் குழாய்களில் குருதி உறையும். முழங்கால் மடங்காமல் விறைக்கும். எலும்பு கூடிய பின்னரும் பலர் தாங்கித் தாங்கியே நடந்தனர். முதியவர்களில் சிலர் படுத்த படுக்கையிலேயே உயிர் துறந்தனர்.

கீல் நகரில் பிறந்த முறை

இந்நிலையை மாற்ற முனைந்தவர்களுள் முதன்மையானவர் ஜெர்மனியின் கீல் நகரில் பணியாற்றிய கெர்ஹார்ட் கூன்ட்ஷர் என்னும் அறுவை மருத்துவர். இடுப்பருகே தொடையெலும்பின் கழுத்து முறிந்தால் அதில் உலோக ஆணி செலுத்தும் முறையை அமெரிக்க மருத்துவர் ஸ்மித் பீட்டர்சன் அதற்கு முன்பே பரப்பியிருந்தார். கழுத்துக்குப் பொருந்துவது எலும்பின் நெடுந்தண்டிற்கும் பொருந்தலாகாதா என்று கூன்ட்ஷர் எண்ணினார். எர்னஸ்ட் போல் என்னும் பொறியாளரின் துணையுடன் துருப்பிடிக்காத எஃகில் நீண்ட ஆணிகளைச் செய்வித்தார், விலங்குகளில் சோதித்தார், 1939 நவம்பரில் முதன்முதலாக மனிதர் ஒருவரின் தொடையெலும்பில் அதனைச் செலுத்தினார்.

1940-ஆம் ஆண்டில் பெர்லினில் கூடிய அறுவை மருத்துவர் மாநாட்டில் அவர் இதனை எடுத்துரைத்தபோது பலர் ஐயுற்றனர். எலும்பின் நடுவே இருப்பது மஜ்ஜை. அதனைக் குடைந்து இரும்பை நுழைத்தால் எலும்பு மடிந்துவிடாதா என்பதே அவர்கள் கேள்வி. அவ்வினா நியாயமானதே. ஆயினும் எலும்புக்கு வரும் குருதி மஜ்ஜையின் வழியாக மட்டும் வருவதன்று. சுற்றியுள்ள தசைகளிலிருந்தும் மேற்போர்வையிலிருந்தும் வருகிறது. ஆணி வைத்த பின் அவ்வெளிக் குருதியோட்டம் பெருகி எலும்பைக் காக்கிறது என்பது நாளடைவில் தெளிவாயிற்று.

இரண்டாம் உலகப் போரின்போது ஜெர்மனியில் சிறைப்பட்டிருந்த நேசநாட்டு வீரர்கள் சிலர், தொடையில் ஆணியுடன் தாயகம் திரும்பினர். எக்ஸ்ரே படத்தில் அதனைக் கண்ட மருத்துவர்கள் வியப்புற்றனர். 1945-இல் அமெரிக்காவின் 'டைம்' வார இதழும் இச்செய்தியை வெளியிட்டது. பகைநாட்டில் பிறந்த முறை இவ்வாறு உலகெங்கும் பரவியது.

ஆணி செய்யும் பணி

நீண்ட எலும்பைக் குறுக்கே வெட்டிப் பார்த்தால் அது கணுவில்லாத மூங்கிற் குழாயைப் போலிருக்கும். முறிந்த மூங்கிலின் இரு துண்டுகளை வெளியே குச்சி வைத்துக் கட்டுவதைக் காட்டிலும், உள்ளே பொருத்தமான கோலொன்றைச் செருகினால் அவை எளிதில் வளையா, பக்கவாட்டிலும் விலகா. உள்ளாணியின் தத்துவமும் இதுவே. எலும்பின் நடுவில் இருப்பதால் ஆணி உடலின் எடையை எலும்புடன் பகிர்ந்துகொள்கிறது. எலும்பு கூடக் கூட எடையின் பெரும்பகுதியை எலும்பே ஏற்கிறது. அளவான எடை எலும்பு வலுப்பெறவும் உதவுகிறது.

மயக்க மருந்தோ, இடுப்புக்குக் கீழ் மரத்துப்போகும் ஊசியோ கொடுத்தபின், காலை இழுத்து நேர்ப்படுத்துகின்றனர். தொடையெலும்பாயின் இடுப்பருகிலோ முழங்காலிலோ சிறிதளவு கீறி, அங்கிருந்து மெல்லிய வழிகாட்டிக் கம்பியொன்றை முறிவைக் கடந்து செலுத்துகின்றனர். தேவையானால் குழலைச் சிறிது குடைந்து அகலப்படுத்துகின்றனர். பின்னர் நோயாளியின் அளவுக்கேற்ற ஆணி உள்ளே செல்கிறது. வளர்ந்தவர்களின் தொடைக்குப் பெரும்பாலும் 9 முதல் 12 மில்லிமீட்டர் பருமனுள்ள ஆணிகள் பயன்படுகின்றன. அவை துருப்பிடிக்காத எஃகினாலோ டைட்டேனியக் கலவையினாலோ ஆனவை. திரையில் தொடர்ந்து தெரியும் எக்ஸ்ரே உருவமே மருத்துவருக்கு வழிகாட்டி. முறிந்த இடத்தைத் திறக்க வேண்டிய தேவை பெரும்பாலும் இல்லை. அங்கு உறைந்த குருதியும் சுற்றியுள்ள தசையும் கலையாமல் இருப்பதால் எலும்பு கூடுதல் தடைப்படுவதில்லை.

வெறும் ஆணிக்கு ஒரு குறை இருந்தது. எலும்பு பல துண்டாக நொறுங்கியிருந்தால், அது ஆணியின் மீதே சுழலும். சறுக்கிக் குட்டையாகவும் செய்யும். 1970-களில் பிராங்பர்ட்டில் கிளெம், ஷெல்மன் ஆகியோரும், ஸ்ட்ராஸ்பூர்க்கில் குரோஸ், கெம்ப் ஆகியோரும் இக்குறையைத் தீர்த்தனர். ஆணியின் இரு முனைகளிலும் துளைகள் அமைத்து, எலும்பையும் ஆணியையும் ஊடுருவிச் செல்லும் திருகுகளால் அவர்கள் பூட்டினர். அதன்பின் நொறுங்கிய எலும்பையும் நீளம் குறையாமல் நிறுத்த முடிந்தது. அமெரிக்காவின் சியாட்டில் நகர மருத்துவர்கள் 520 தொடை முறிவுகளுக்கு ஆணி வைத்துக் கண்ட பயனை 1984-இல் வெளியிட்டனர். அவற்றுள் 99 விழுக்காடு கூடின. சீழ்ப்பிடித்தது நூற்றுக்கு ஒன்றுக்கும் குறைவே.

வசதி குறைந்த இடங்களுக்கும்

திரையில் எக்ஸ்ரே காட்டும் பொறி விலை மிக்கது. அது இல்லாத மருத்துவமனைகள் ஏழை நாடுகளில் பல உள்ளன. வியட்நாம் போரில் மருத்துவராகப் பணியாற்றிய லூயிஸ் சர்க்கிள் என்னும் அமெரிக்கர், 1999-இல் 'சைன்' என்ற அறநிறுவனத்தைத் தொடங்கினார். திருகு செல்லவேண்டிய துளையை வெளியிலிருந்தே குறிபார்க்க உதவும் சட்டமொன்றுடன் கூடிய ஆணியை அந்நிறுவனம் உருவாக்கியது. அதனால் அப்பொறியின்றியே ஆணியைப் பூட்ட முடிகிறது. ஐம்பதுக்கும் மேற்பட்ட நாடுகளில் இவ்வாணி பயன்பட்டுள்ளது. நல்ல சிகிச்சை நகரத்துச் செல்வருக்கு மட்டுமே உரியதன்று என்பதற்கு இது தக்க சான்று.

எல்லா முறிவுக்கும் ஆணி அன்று

தொடை, கணைக்கால், மேற்கை ஆகியவற்றின் நெடுந்தண்டு முறிவுக்கே இது சிறப்பாகப் பொருந்தும். மூட்டுக்குள் செல்லும் முறிவுகளுக்குப் பெரும்பாலும் தகடும் திருகும் வேண்டும். வளரும் குழந்தைகளின் எலும்பு முனைகளில் வளர்ச்சித் தட்டு உள்ளது. அதனைச் சிதைத்தால் கால் வளர்ச்சி குன்றும். ஆதலின் அத்தட்டைத் தவிர்த்துச் செலுத்தும் வளையக்கூடிய மெல்லிய கம்பிகளை அவர்களுக்குப் பயன்படுத்துகின்றனர். ஆணி வைத்த சிலருக்குச் சீழ் பிடிப்பதும், எலும்பு கூடத் தாமதிப்பதும், கணைக்கால் ஆணியால் முழங்காலில் வலி நீடிப்பதும் உண்டு. எலும்பு கூடாமலே இருந்தால் ஆணியும் ஒருநாள் முறியும். ஆகவே எம்முறை தக்கது என்பதைப் படத்தைப் பார்த்து மருத்துவரே முடிவு செய்தல் வேண்டும்.

முறிந்தவுடன் செய்ய வேண்டுவன

மருத்துவமனையில் எத்துணை நல்ல ஆணி இருப்பினும், முதல் சில மணி நேரத்தில் நாம் செய்யும் பிழை அதன் பயனைக் கெடுத்துவிடும். தொடையெலும்பு ஒன்று முறிந்தால் உள்ளேயே ஒரு லிட்டர் அல்லது அதற்கு மேலும் குருதி கசியலாம். வெளியே ஒரு துளியும் தெரியாது. எனவே நோயாளியை உட்காரவைத்துத் தூக்கிச் செல்லுதல் கூடாது. அசைக்காமல் படுக்கவைத்து, காலின் இருபுறமும் பலகையோ மூங்கிற் பட்டையோ துணி சுற்றி வைத்து, இடுப்பு முதல் கணுக்கால் வரை கட்டுக. பலகை இல்லையேல் முறிந்த காலை நல்ல காலுடன் சேர்த்துக் கட்டினாலும் போதும். எலும்பு வெளியே தெரிந்தால் அதை உள்ளே தள்ளாமல், தூய துணியால் மூடுக. மண்ணையோ, சாணத்தையோ, பச்சிலையையோ அப்புதல் கூடாது. அறுவைச் சிகிச்சைக்கு மயக்க மருந்து தேவைப்படலாம் என்பதால் உணவும் நீரும் கொடாதிருத்தல் நன்று.

எண்ணெய் தேய்த்து உருவுவதும், இழுத்துப் பார்ப்பதும், மிக இறுக்கிக் கட்டுவதும் பெருந்தீங்கு விளைக்கும். முறிந்த உறுப்பு வீங்கும் இயல்புடையது. இறுக்கமான கட்டு வீக்கத்தைத் தாங்காது. கட்டிய பின் வலி மேன்மேலும் பெருகுதல், விரல்கள் மரத்தல், நிறம் வெளுத்தல் அல்லது நீலமாதல், விரலை அசைக்க இயலாமை ஆகியவை குருதியோட்டம் தடைப்பட்டதன் அறிகுறிகள். உடனே கட்டைத் தளர்த்தி மருத்துவமனைக்கு விரைய வேண்டும். சில மணி நேரம் தாமதித்தாலும் தசைகள் மடிந்து, காலையே எடுக்க நேரிடலாம். கூடியிருக்க வேண்டிய ஓர் எலும்புக்காக ஒரு காலையே இழப்பது எவ்வளவு கொடுமை!

தமிழ்நாட்டில் 108 என்னும் எண்ணை அழைத்தால் ஆம்புலன்ஸ் வரும் ஏற்பாடு 2008 முதல் உள்ளது. சாலை விபத்தில் சிக்கியோருக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சையைக் கட்டணமின்றி அளிப்பதற்கென 'இன்னுயிர் காப்போம் - நம்மைக் காக்கும் 48' திட்டம் 2021 டிசம்பரில் தொடங்கப்பட்டது. செலவுக்கு அஞ்சிக் காலங் கடத்துவோர் இத்தகைய வசதிகளை மருத்துவமனையில் கேட்டறிய வேண்டும்.

வீடு திரும்பிய பின்

ஆணி வைத்தவரைப் பெரும்பாலும் ஓரிரு நாட்களில் ஊன்றுகோல் அல்லது நடைச் சட்டத்தின் துணையுடன் நடக்கச் செய்கின்றனர். காலில் எவ்வளவு எடை வைக்கலாம் என்பது முறிவின் தன்மையைப் பொறுத்தது. மருத்துவர் சொன்ன அளவை மீறவும் வேண்டா, அஞ்சிப் படுத்தே கிடக்கவும் வேண்டா. முழங்காலை மடக்கி நீட்டும் பயிற்சியை நாள்தோறும் செய்தல் வேண்டும். பீடி, சிகரெட் ஆகியவை எலும்பு கூடுவதைத் தாமதப்படுத்தும். அவற்றை விட்டொழிக்க இதைவிடத் தக்க தருணம் இல்லை. பால், பயறு, முட்டை, கீரை போன்ற உணவுகள் நலம் பயக்கும். புண்ணில் நீர் வடிந்தாலும், சிவந்து காய்ச்சல் கண்டாலும் உடனே மருத்துவரைக் காண்க. வலி நின்றுவிட்டது என்பதற்காகக் குறித்த நாளில் எக்ஸ்ரே எடுக்காமல் விடுவது தவறு. எலும்பு கூடிய பின் ஆணி தொல்லை தராவிடில் அதனை எடுக்க வேண்டிய கட்டாயம் பெரும்பாலும் இல்லை. எடுப்பதாயினும் எலும்பு நன்கு கூடியதை மருத்துவர் உறுதி செய்த பின்னரே எடுப்பர்.

ஊர்தோறும் சில இளைஞர்களேனும் சிம்பு கட்டவும், அடிபட்டவரை அசைக்காமல் தூக்கவும் பயிலுதல் வேண்டும். ஊராட்சிகளும் இளைஞர் மன்றங்களும் அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்தின் துணையுடன் இப்பயிற்சிக்கு ஏற்பாடு செய்யலாம். இரண்டு பலகை, நான்கு துணி, சிறிது நிதானம் ஆகிய இவ்வளவே அதற்கு வேண்டுவன. ஆணியைச் செலுத்துவது மருத்துவரின் கடமை. அந்த ஆணி பயன்படத்தக்க நிலையில் காலை அவரிடம் ஒப்படைப்பது நம் கடமையாகும்.