தை போ பழைய ஸ்டேஷன்ல என்ன பாக்கணும்?

ஹாங்காங்ல தை போ மார்க்கெட்னு ஒரு பழைய ரயில்வே ஸ்டேஷன் இருக்கு. பிரிட்டிஷ் ஆட்சியில, 1913-ல கட்டினது. ஆனா பாத்தா சீனக் கோயில் மாதிரி இருக்கும்: சரிவான ஓட்டுக்கூரை, முகப்புல சிற்ப வேலைப்பாடு. 1983-ல பாதை மின்மயமானதும் ஸ்டேஷனை மூடிட்டாங்க. இடிச்சிருக்கலாம். ஆனா அடுத்த வருஷமே பாதுகாக்கப்பட்ட சின்னமா அறிவிச்சாங்க. 1985-ல மியூசியம் ஆச்சு.

நுழைவு இலவசம். எல்லாரும் நேரா 1955 டீசல் எஞ்சின் முன்னாடி போட்டோ எடுக்கப் போவாங்க. நீங்க முதல்ல பழைய டிக்கெட் கவுன்டரைப் பாருங்க. அப்புறம் வெளிய தண்டவாளத்துல நிக்கிற பெட்டிகள்ல ஏறுங்க. முதல் வகுப்பு சீட்டையும் மூணாம் வகுப்பு சீட்டையும் ஒப்பிட்டுப் பாருங்க. ஊர்ல யாருக்கு என்ன இடம் இருந்துச்சுன்னு அந்த சீட்டே சொல்லிடும். கட்டடத்தை இடிச்சிருந்தா இதை எங்க போய்ப் பாக்குறது?