ஏரிமேல் எழுந்த வணிக நகர்

இல்லாத ஊரின் வரவு செலவை ஆராய்வதால் யாருக்கு என்ன பயன் என்று நண்பர்கள் கேட்கக்கூடும். கேள்வி நியாயமானதே. ஆயினும், ஆக்ஸ்போர்டுப் பல்கலைக்கழகப் பேராசிரியர் டோல்கின் 1937இல் வெளியிட்ட ‘ஹாபிட்’ என்னும் கதையில் வரும் எஸ்கரோத் நகரைச் சற்றே சுற்றிப் பார்த்தபின், விடையை நீங்களே கூறுங்கள்.

நெடிய ஏரி ஒன்றின் நீர்ப்பரப்பின்மேல், பெரும் மரத்தூண்களை நட்டு அமைத்த ஊர் அது. கரையோடு அதனை இணைப்பது ஒரே ஒரு மரப்பாலம். ஊரின் நடுவே அங்காடிக் குளம். அதனைச் சுற்றிப் பெரிய வீடுகள், படித்துறைகள், படகுகள். தெற்கேயிருந்து பேராற்றின் வழியே சரக்கு வரும். இடையிலே அருவி குறுக்கிடுவதால், அவ்விடத்தில் வண்டியிலேற்றிக் கடத்தி ஊர் சேர்ப்பர். மேற்கே காட்டில் வாழும் எல்ஃப் மக்களுக்குத் தொலைதூரத்து மதுப் பீப்பாய்கள் இவ்வூர் வழியாகவே செல்லும். காலியான பீப்பாய்களைக் காட்டாற்றில் உருட்டிவிடுவர்; வழியில் அவற்றைத் திரட்டித் தெப்பமாகக் கட்டி, நீரோட்டத்தோடு ஏரிக்குக் கொண்டுவந்து சேர்ப்பர். கூலியில்லாத சுமையாள் ஆறு! எனவேதான் ஆற்றைச் செப்பனிடுவது யார், கரையைக் காப்பது யார் என்று இரு சாராருக்கும் ஓயாத பூசல். கதாநாயகன் பில்போ பதின்மூன்று குள்ளர்களைச் சிறைமீட்டதும் இந்தக் காலிப் பீப்பாய்களைக் கொண்டே. வணிகத்தின் வழியே கதையின் வழியுமாயிற்று.

வறட்சியில் நீர் வற்றினால், முன்பிருந்த பெருநகரின் இற்றுப்போன தூண்கள் கரையோரம் தலைகாட்டும். வடக்கு மலையிலே ஸ்மாக் என்னும் பறவை நாகம் குடிபுகுந்ததால் பழைய செல்வம் பாதியிலே அற்றுப்போன கதையை அத்தூண்கள் சொல்லாமற் சொல்லும்.

இவ்வூருக்கு அரசனில்லை, தேர்ந்தெடுக்கப்பட்ட தலைவர் உண்டு. சுங்கம், சரக்கு, பொன் இவற்றிலேயே கருத்துடையவர் அவர். அந்தத் திறமையே அவருக்குப் பதவியையும் தந்தது. மலையரசன் மீண்டான், இனி ஆற்றிலே பொன் ஓடும் என்று மக்கள் ஆடிப்பாடியபோது அவர் நம்பவில்லை. ஆனால் மறுக்கவும் துணியவில்லை. கூட்டம் எப்பக்கமோ அப்பக்கம் நின்றார்!

அவ்வூரில் பார்டு என்றொரு வில்வீரன். வெள்ளம் வரும், மீனில் நஞ்சேறும் என்று எப்போதும் தீங்கே உரைப்பவன் என ஊரார் அவனை ஏளனம் செய்தனர். நாகம் நெருப்புமிழ்ந்து வந்த இரவில், பாலத்தைத் தகர்க்கத் தூண்டியவனும், கடைசி அம்பால் நாகத்தை வீழ்த்தியவனும் அவனே. தலைவரோ, பொன்முலாம் பூசிய தம் படகில் ஏறித் தப்பிக்கப் பார்த்தார். ஊர் எரிந்து நீரில் அமிழ்ந்தது. கரையேறிய மக்கள், “பார்டே எமக்கு அரசன்!” என்று முழங்கினர். தலைவர் நாவன்மை மிக்கவர். மக்களின் சினத்தைக் குள்ளர்கள்மேல் திருப்பிவிட்டார். பார்டோ பதவியைப் பற்றிப் பேச நேரமில்லை என்று கூறி, காயமுற்றோரையும் குளிரில் நடுங்கியோரையும் கவனிக்கச் சென்றான்.

முடிவு யாது? ஊரை மீண்டும் கட்டுவதற்காகப் பார்டு அனுப்பிய பொன்னில் பெரும்பகுதியை எடுத்துக்கொண்டு தலைவர் ஓடினார். உடன் சென்றோரும் கைவிட, பாழ்நிலத்தில் பட்டினியால் மாண்டார். கை நிறையப் பொன். வாய்க்கொரு பிடி உணவில்லை! அவருக்குப்பின் அறிவுடைய வேறொருவர் தலைவரானார். புதிய ஊர் முன்னினும் செழித்தது.

இங்கே ஆசிரியர் வணிகத்தைப் பழிக்கவில்லை என்பதை நோக்குங்கள். ஆறும் படகும் அங்காடியும் மீண்டும் தழைத்ததையே நல்ல முடிவாகக் காட்டுகிறார். அவர் காட்டும் குற்றம் வேறு: கணக்கறிந்தவர் அனைவரும் காக்கவும் அறிந்தவர் என்று ஊரார் நம்பினரே, அந்த நம்பிக்கைதான். அமைதிக் காலத்தில் இரண்டும் ஒன்றுபோலவே தோன்றும். தீப்பிடித்த இரவில்தான் வேறுபாடு தெரியும்.

நண்பர்களே, நாளை நாமும் ஏதேனும் ஒரு மன்றத்துக்கோ ஊருக்கோ தலைவரைத் தேர்ந்தெடுக்கப் போகிறவர்கள். நம் காதுக்கு இனியது கூறுபவரையா, கசந்தாலும் உண்மை கூறுபவரையா, யாரைத் தேர்வோம்? இல்லாத ஊர் இருக்கிற ஊருக்கு விடுக்கும் வினா இது.