நிலத்தடி நீரும் கிராமத்தின் உரிமையும்

தொழில் நிறுவனங்கள் இயற்கை வளத்தைப் பேணும் பணிகளில் ஈடுபடுவது இப்போது பெருகி வருகிறது. 2013-ஆம் ஆண்டின் கம்பெனிகள் சட்டம், 135-ஆவது பிரிவில், குறிப்பிட்ட அளவுக்கு மேற்பட்ட கம்பெனிகள் தமது சராசரி நிகர லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பணிகளுக்குச் செலவிட வேண்டுமென விதித்துள்ளது. சுற்றுச்சூழல் பாதுகாப்பும் அப்பணிகளுள் அடங்கும். ஆனால் இப்பணி பயன் தருவதற்குப் பணம் மட்டும் போதாது. கிராம மக்களின் சம்மதமும் முதலிலேயே தேவை. பாலக்காடு, இடுக்கி ஜில்லாக்களின் அனுபவம் இதனைத் தெளிவுபடுத்துகிறது.

பிளாச்சிமடையில் நிகழ்ந்தது

பாலக்காடு ஜில்லாவின் சிற்றூர் தாலுகா, மேற்குத் தொடர்ச்சி மலையின் கணவாய்க்கு அருகில் உள்ளது. கேரளத்தின் பிற பகுதிகளை நோக்க இங்கு மழை குறைவு. நிலத்தின் அடியில் கடினப்பாறை. அதன் வெடிப்புகளிலும் சிதைந்த மேலடுக்கிலும் மட்டுமே நீர் தேங்கும். ஓரிடத்தில் மிகுதியாக இறைத்தால் அண்டைக் கிணறுகள் வற்றக்கூடும்.

இத்தகைய நிலத்தில், பெருமாட்டி பஞ்சாயத்தைச் சேர்ந்த பிளாச்சிமடையில், 2000-ஆம் ஆண்டில் கோக்க கோலா நிறுவனத்தின் பானத் தொழிற்சாலை இயங்கத் தொடங்கியது. கிணற்று நீர் குறைந்ததாகவும், சுவை மாறிக் குடிப்பதற்கு உதவாமற் போனதாகவும் மக்கள் முறையிட்டனர். 2002 ஏப்ரலில் தொடங்கிய அறப்போராட்டத்தில் எரவாளர் குலத்தைச் சேர்ந்த மயிலம்மா முன்னின்றார். தொழிற்சாலைக் கழிவுச் சேறு உழவர்களுக்கு உரமாக வழங்கப்பட்டது. அதில் காட்மியமும் ஈயமும் இருப்பதாக 2003-இல் பி.பி.சி. வானொலி வெளியிட்டது. நிறுவனம் தன்மீது கூறப்பட்ட குற்றச்சாட்டுகளை மறுத்தது. எனினும் சோதிக்காமல் ஒரு பொருளை உரமென்று ஏற்பது எத்தகைய ஆபத்து என்பதை இந்நிகழ்ச்சி உணர்த்துகிறது.

2003-இல் பஞ்சாயத்து அனுமதியைப் புதுப்பிக்க மறுத்தது. நிலத்தடி நீர் பொதுமக்களுக்கு உரியது, அரசு அதன் பாதுகாவலன் என்று அவ்வாண்டு டிசம்பரில் கேரள உயர்நீதிமன்றத்தின் தனி நீதிபதி தீர்ப்பளித்தார். 2005-இல் இருவர் அமர்வு வேறு கருத்துக் கொண்டு, நிபந்தனையுடன் நாளொன்றுக்கு 5 லட்சம் லிட்டர் வரை எடுக்க அனுமதித்தது. ஆனால் ஆலை 2004 மார்ச்சிலேயே மூடப்பட்டுவிட்டது. மீண்டும் திறக்கும் எண்ணமில்லையென 2017-இல் நிறுவனம் உச்சநீதிமன்றத்தில் தெரிவித்தது. மாநில அரசு நியமித்த உயர்மட்டக் குழு 2010-இல் சேதத்தை 216.26 கோடி ரூபாய் என மதிப்பிட்டது. இழப்பீட்டுத் தீர்ப்பாயம் அமைக்கும் மசோதா 2011-இல் சட்டசபையில் நிறைவேறியும் குடியரசுத் தலைவரின் ஒப்புதல் கிட்டவில்லை. சேதம் நேர்ந்தபின் பரிகாரம் தேடுவது எவ்வளவு அரிது என்பதற்கு இதுவே சான்று.

இரவிகுளத்தின் பாடம்

இடுக்கி ஜில்லாவில் வேறொரு வரலாற்றைக் காண்கிறோம். மூணாறுக்கு அருகேயுள்ள இரவிகுளம் புல்வெளிகளைத் தேயிலைத் தோட்டத்தார் வேட்டைக் காடாக வைத்துக் காத்துவந்தனர். மலையறிந்த முதுவர்களே காவலர்களாக அமர்த்தப்பட்டனர். 1971-ஆம் ஆண்டின் கண்ணன் தேவன் மலைச் சட்டத்தின் வழி நிலம் அரசுக்கு மீண்டது. 1975-இல் சரணாலயமாகவும் 1978-இல் தேசியப் பூங்காவாகவும் அறிவிக்கப்பட்டது. இன்று வரையாடுகளின் முக்கிய உறைவிடமாக அது விளங்குகிறது. விலங்கு காக்கப்பட்டது, ஆயினும் முதுவர் பெற்றது கூலியேயன்றி, முடிவெடுக்கும் உரிமையன்று. 2006-ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டமே காட்டைக் காக்கும் அதிகாரத்தைக் கிராம சபைக்கு வழங்கியது.

நாம் செய்யத் தக்கவை

களப் பணியாளர்கள், எத்திட்டமும் தொடங்குமுன் சுற்றுப்புறக் கிணறுகளின் நீர்மட்டத்தைக் கோடையிலும் மழைக்குப் பின்னும் அளந்து பதிவு செய்தல் வேண்டும். முந்திய அளவு இல்லையேல், பிந்திய குறைவை நிரூபிக்க இயலாது. ஆசிரியர்கள் பள்ளிக் கிணற்றிலேயே மாணவரைக் கொண்டு இதனைச் செய்விக்கலாம். கயிறும் அளவுகோலும் போதும். திட்ட அறிக்கை மக்கள் பேசும் மொழியில் கிராம சபையில் படிக்கப்பட வேண்டும். இலவசமாகக் கிடைக்கும் உரமாயினும் ஆய்வுக்கூடத்தில் சோதித்த பின்னரே வயலில் இடப்பட வேண்டும். நிறுவனத்தின் நன்கொடையை வரவேற்பதில் தவறில்லை. ஆனால் அதன் கணக்கை முதலில் பார்க்க வேண்டியவர்கள், அந்நீரைக் குடிப்பவர்களே.